டைம் கீப்பரின் நாற்காலிகள்

எங்கள் குடியிருப்பில் ஒரு சங்கம் இருக்கிறது. நோயாளிகள் உள்ள வீடுகளுக்குச் சக்கர நாற்காலி, வாக்கர், ஊன்றுகோல் ஆகியவற்றை இரவலாகக் கொடுக்கும் சங்கம். இப்படிப்பட்ட சங்கங்கள் பொதுவாக அன்பினால் தொடங்கப்படும், அன்பு தீர்ந்ததும் பூட்டப்படும். எங்களுடையது கோபத்தினால் தொடங்கப்பட்டது. அது இன்னும் தீராததால் சங்கம் ஆறாவது வருடமாக நடக்கிறது.

கோபத்துக்குச் சொந்தக்காரர் ஒரு பெண்மணி. பஸ் டிப்போவில் இருபத்தெட்டு வருடம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று எழுதுவதுதான் வேலை. அவர் எழுதுவதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. நாலு நிமிடம் பிந்தி வந்த ஓட்டுநர்கள், வண்டியை நிறுத்திவிட்டு இவருடைய கூண்டு இருக்கும் பக்கம் கழுத்தைத் திருப்பாமலே இறங்கிப் போவார்களாம். கழுத்தில் ஒரு விசில் தொங்கும். அதை அவர் ஊதி யாரும் கேட்டதில்லை, ஊதும் நிலைமைக்கு யாரும் விட்டதில்லை. டிப்போவில் வைத்த ‘விசிலக்கா’ என்ற பெயர், ஓய்வுக்குப் பிறகு விசில் இல்லாமலே தெருவுக்கு வந்து சேர்ந்தது.

அவருடைய கணவர் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். கண்ணாடிக் குழாய்களோடு காலம் தள்ளியதாலோ என்னவோ, எதையும் சத்தமில்லாமல் கீழே வைக்கத் தெரிந்தவர். தன்னைத்தான் அப்படி வைக்கத் தெரியவில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தபோது வாக்கர் தேவைப்பட்டது. பக்கத்துத் தெருவில் ஒரு தொண்டு மன்றம் இருந்தது. மன்றத் தலைவர், தங்களிடம் ஏழு வாக்கர்கள் இருப்பதாகவும் ஏழுமே வெளியே போயிருப்பதாகவும் மன நிறைவோடு சொன்னார். யார் யாரிடம் இருக்கிறது என்று விசிலக்கா கேட்டார். அதெல்லாம் எழுதி வைப்பதில்லை, நம்பிக்கையின் பேரில் கொடுப்பதுதான் என்று பதில் வந்தது.

அன்று வந்த கோபம்தான் இது. மருந்துக் கடைகளில் விசாரித்து நாலே நாளில் ஏழு வாக்கர்களும் இருக்கும் வீடுகளைக் கண்டுபிடித்துவிட்டார். ஏழு வீடுகளில் ஐந்தில் நோயாளியே இல்லை. குணமாகியிருந்தார்கள், அல்லது போய்ச் சேர்ந்திருந்தார்கள். ஒரு வீட்டு மாடி முகப்பில் வாக்கர் துண்டு காயப்போடும் கொடியாக வேலை செய்துகொண்டிருந்தது. துண்டுகளோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மறுநாள் துண்டுகளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார், வாக்கரைக் கொடுக்கவில்லை. நோயாளி இருந்த இரண்டு வீடுகளிலும் தேவை தீரக் காத்திருந்து, ஒரு மாதத்தில் ஏழு வாக்கர்களையும் மீட்டு மன்றத் தலைவர் முன்னால் நிறுத்தியபோது அவருக்கு அவற்றை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அம்மா என்றார். சங்கம் பிறந்தது. சக்கர நாற்காலிகள் பிறகு ஒவ்வொன்றாக நன்கொடையாக வந்தன.

அலுவலகம், குடியிருப்பின் பழைய மோட்டார் அறை. சுவரில் இன்னும் எண்ணெய்க் கறை இருக்கிறது. நாற்காலிகளின் முதுகில் பஸ்களைப்போல வெள்ளை வண்ணத்தில் எண். மேஜையில் டிப்போவில் இருந்ததே மாதிரி கோடு போட்ட ட்ரிப் ஷீட்: எண், போன நேரம், போன வீடு, வந்த நேரம். சங்கத்துக்கு இரண்டே சட்டங்கள். கேட்ட அன்றே பொருள் கிடைக்கும். சங்கம் திருப்பிக் கேட்டால் அன்றே வந்துவிடவேண்டும். முதல் சட்டம் ஊருக்குப் பிடித்தது. இரண்டாவது சட்டத்தால்தான் முதல் சட்டம் நடந்தது.

சாக்குகளை அவர் காதில் வாங்கமாட்டார். ராசியான நாற்காலி என்று ஒரு வீட்டில் சொன்னார்கள். மாமனாருக்கு நோய் மறுபடி வந்துவிட்டால் என்று இன்னொரு வீட்டில் இழுத்தார்கள். ஒரு வீட்டில் இறப்பு நடந்த மூன்றாம் நாள் போய் நின்றார். கணவர் ஞாபகமாக இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே என்று அந்த வீட்டு அம்மா அழுதார். “உங்க துக்கம் எங்கயும் போகாதும்மா, உங்களோடவே இருக்கும். நாற்காலி போகணும்” என்று சொல்லிவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார். அந்த வீட்டில் இன்றுவரை யாரும் அவரோடு பேசுவதில்லை. அன்று சாயங்காலமே அந்த நாற்காலியில் உட்கார்ந்து மூன்று மாதத்துக்குப் பிறகு வாசலையும் வெயிலையும் பார்த்த மளிகைக் கடைக்காரரின் தகப்பனார், அவரைத் தெய்வம் என்றார். இரண்டு தரப்பும் சரி என்பதுதான் என் அபிப்பிராயம்.

இப்படி மூன்று வருடம் ஓடியது. பிரச்சினை என்னவென்றால், சங்கம் இருப்பது நாலு தெருவுக்கு அப்பால் யாருக்கும் தெரியாது. பதினோரு நாற்காலிகள்தான். விளம்பரம் என்ற வார்த்தையைக் கேட்டாலே விசிலக்காவுக்கு ஆகாது. பஸ் வருகிறது என்று பஸ் சொல்லிக்கொண்டா வருகிறது என்பார். அப்போதுதான் அச்சகக்காரர் செயலாளராக வந்து சேர்ந்தார்.

அச்சகக்காரரை வில்லனாக்கினால் கதை சுலபமாக முடிந்துவிடும். அவர் வில்லன் இல்லை. எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை, சட்டைப்பையில் மூன்று பேனா, எதிரில் வருகிறவருக்கெல்லாம் ஒரு துண்டறிக்கை. தன் அச்சகத்தில் சங்கத்துக்கு ஒரு சின்னம் வரைந்தார், மருத்துவமனை வாசல்களில் தட்டி வைத்தார், செல்போனில் ஒரு குழு ஆரம்பித்தார். நாற்காலி கொடுக்கும்போதெல்லாம் படம் எடுத்துப் போட்டார். விசிலக்கா ஒரு படத்திலும் சிரிக்கவில்லை. ஆனால் இரண்டே வருடத்தில் பதினொன்று முப்பத்தொன்று ஆனது. பிடிக்காத மனிதர் ஒருவர் நமக்கு நல்லது செய்துகொண்டே இருந்தால் அதைப்போலக் கோபம் மூட்டுவது வேறில்லை.

“உங்களால நாற்காலி வருது, ஒத்துக்கறேன். என்னாலதான் அது திரும்பி வருது. அத எந்த நோட்டீஸ்ல போடுவீங்க?” என்று ஒருநாள் கேட்டுவிட்டார். அதையும் போட்டுவிடலாம் அக்கா என்று அச்சகக்காரர் பேனாவை எடுத்தார்.

ஐந்தாம் ஆண்டு விழா வந்தது. ஒரு பெரிய தொழிற்சாலையின் மேலாளர் தலைமை தாங்க ஒப்புக்கொண்டார். சங்கத்தைப் பிடித்துப்போனால் இன்னும் இருபது நாற்காலிகள் தரக்கூடும் என்று பேச்சு. குழுக் கூட்டத்தில் அச்சகக்காரர் ஒரு யோசனை சொன்னார். விழா மேடைக்கு முன்னால் சங்கத்தின் முப்பத்தொரு நாற்காலிகளையும் துடைத்து, ரிப்பன் கட்டி, எண் வரிசைப்படி நிறுத்தவேண்டும். மேலாளர் உள்ளே நுழைந்ததும் கண்ணில் படவேண்டும். ஒரு படம், அந்த ஒரே படம் போதும்.

முப்பத்தொன்றில் இருபத்தாறு நோயாளிகளின் வீட்டில் இருந்தன.

“ரோட்டுல ஓடற பஸ்ஸயெல்லாம் கூப்பிட்டு டிப்போவுல நிறுத்தி, பாருங்க எங்க சர்வீஸ்னு காட்டுவீங்களா?” என்றார் விசிலக்கா.

ஒரு நாள்தானே அக்கா, காலையில் எடுத்தால் மத்தியானம் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார் அச்சகக்காரர். இருபது நாற்காலி வந்தால் இருபது வீடு என்று கணக்கு ஆசிரியர் ஒருவர் கூட்டிச் சொன்னார். கட்டாயம் வேண்டும் என்கிறவர்கள் சொல்லப்போகிறார்கள், அவர்களை விட்டுவிடலாம் என்று மற்றவர்கள் சமாதானம் செய்தார்கள். ஒன்பது பேரில் எட்டுப் பேர் கை தூக்கினோம். ஆமாம், என் கையும் அதில் இருந்தது.

இங்கேதான் விசிலக்காவின் குணத்தைச் சொல்லவேண்டும். வேறு யாராவது என்றால், நீங்களே போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்று வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவர் டிப்போக்காரர். உத்தரவு முட்டாள்தனமானது என்று திட்டுவார், திட்டிக்கொண்டே அதை ஒரு குறையும் இல்லாமல் நிறைவேற்றுவார். அரைகுறையாகச் செய்தால் முட்டாள்தனம் செய்தவர்கள் தப்பித்துவிடுவார்கள் என்பது அவர் கட்சி. இருபத்தாறு வீட்டுக்கும் செய்தி போனது. விழாவுக்கு முந்தின நாள் மாலை ஐந்து மணிக்குள் நாற்காலி வரவேண்டும், மறுநாள் மத்தியானம் திரும்பக் கிடைக்கும், கட்டாயத் தேவை என்றால் சொல்லலாம்.

நாலு மணி நாற்பத்தெட்டுக்கு இருபத்தாறாவது நாற்காலி வந்து சேர்ந்தது. ஒரு வீட்டிலிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. ட்ரிப் ஷீட்டில் கடைசி வரியை எழுதி முடித்தபோது அவர் முகத்தில் இருந்ததைப் பெருமை என்றுதான் சொல்லவேண்டும். கணவர் மட்டும் வீட்டில் ஒரு கேள்வி கேட்டாராம்.

“இருபத்தாறு பேர்ல ஒருத்தருக்குக்கூட நாளைக்கு அது தேவையில்லையா?”

“இருந்தா சொல்லியிருப்பாங்க.”

“உன்கிட்டயா?”

அவர் சாப்பாட்டுத் தட்டை வழக்கம்போலச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். விசிலக்கா வழக்கத்தைவிடச் சத்தமாக வைத்தார்.

விழா நாள். பத்தேகால் மணி. பள்ளி மைதானத்துப் பந்தலில் முப்பத்தொரு நாற்காலிகள் மஞ்சள் ரிப்பனோடு வரிசையாக, யாரும் உட்காராமல் பளபளத்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மேலாளர் பத்தரைக்கு வருகிறார். அச்சகக்காரர் படம் எடுப்பவரை ஏணியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அப்போது பந்தல் வாசலில் ஓர் ஆட்டோ ஓட்டுநர் வந்து நின்று, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் செருப்பைக் கழற்றினார், பிறகு போட்டுக்கொண்டார்.

விசிலக்கா என்னவென்று கேட்டார்.

“ஒரு மணி நேரத்துக்கு ஒரு சேர் கிடைக்குமாக்கா? லேத் பட்டறைக்காரர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும். சந்துக்குள்ள ஆட்டோ போகாது. ரெண்டு பேரா தூக்கிப் பாத்தோம், முதுகு வலியில கத்திட்டாரு. மறுபடி படுக்க வெச்சிட்டோம்.”

லேத் பட்டறைக்காரர் ஒன்பதாம் எண். இரும்புச் சட்டம் சரிந்து முதுகுத் தண்டில் அடிபட்டவர். வெளியூரிலிருந்து நரம்பு வைத்தியர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெரிய ஆஸ்பத்திரிக்கு வருவார். இனி எழுந்து நடக்க வழி இருக்கிறதா, அறுவை செய்யலாமா என்று அவர் பார்த்துச் சொல்லவேண்டும். அதற்குக் கிடைத்த நேரம் அன்று காலை பதினோரு மணி. இத்தனையும் ஆட்டோக்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

விசிலக்கா நேராகப் போய் ஒன்பதாம் எண்ணை வரிசையிலிருந்து உருவினார். வரிசையில் பல் விழுந்ததுபோல ஓர் இடைவெளி. அச்சகக்காரர் ஓடி வந்தார்.

“அக்கா, பத்தே நிமிஷம். படம் எடுத்ததும் நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்.”

“நகருங்க.”

“அவர் கார் வந்துட்டிருக்குக்கா...”

“அவரு கால் நல்லாத்தானே இருக்கு? நின்னு பாக்கட்டும். நகருங்க சார்.”

நகர்ந்தார். அந்தக் குரலுக்கு டிப்போவில் டபுள் டெக்கரே நகர்ந்திருக்கிறது.

நாற்காலியை மடித்து ஆட்டோவின் பின்னால் கட்டக் கயிறு இல்லை. ரிப்பனை அவிழ்த்து அதிலேயே கட்டினார்கள், விசிலக்காவும் ஏறிக்கொண்டார். சந்து வீட்டில் லேத் பட்டறைக்காரர் வியர்த்துப்போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவர் மனைவி துணிக்கடையில் விற்பனைக்கு நிற்பவர், அன்றைக்கு விடுப்பு எடுத்திருந்தார். மருத்துவச் சீட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். அவரைப் பார்த்ததும் விசிலக்காவின் கோபம், பந்தலிலிருந்து அதுவரை அடக்கி வைத்தது, தப்பான வாசலில் உடைந்தது.

“வாய் இருக்கில்ல? வேணும்னா சொல்லுங்கன்னு சொல்லித்தானே அனுப்பினேன். ஏன் குடுத்த?”

“நீங்க கேட்டீங்கக்கா.”

“கேட்டா?”

“நீங்க கேட்டு யாருக்கா இல்லன்னு சொல்லியிருக்காங்க? சாவு வீட்டுலயே விடலையே நீங்க. இல்லன்னு சொன்னா அடுத்த தடவை குடுக்காம போயிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு. எப்படியாவது தூக்கிட்டுப் போயிடலாம்னு நெனச்சோம்.”

விசிலக்கா நாற்காலியை விரித்துப் படுக்கையோரம் தள்ளிக்கொண்டு போனார்.

மருத்துவமனையை அடைந்தபோது பதினொன்று இருபத்தைந்து. நரம்புப் பிரிவு வாசலில் பெயர் கூப்பிடும் எழுத்தர், நடுத்தர வயதுப் பெண், பதிவேட்டில் கோடு கிழித்து முடித்திருந்தார். பதினோரு மணிக்குக் கூப்பிட்டோம், பதினொன்று பத்துக்கு மறுபடி கூப்பிட்டோம், ஆள் இல்லை, அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விட்டது என்றார். விசிலக்கா குரலை உயர்த்தினார். எழுத்தர் உயர்த்தவில்லை.

“அம்மா, பதினொண்ணுன்னா பதினொண்ணுதான். நீங்க லேட்டா வந்ததுக்கு டைமுக்கு வந்தவர நான் வெளிய நிறுத்த முடியுமா?”

இருபத்தெட்டு வருடம் தினமும் அவர் சொன்ன வாக்கியம். மணியைத் தவிர ஒரு சொல்கூட மாறவில்லை. அதற்குப் பதில் இருப்பதாக எந்த ஓட்டுநரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. மூன்று மணிவரை தாழ்வாரத்தில் காத்திருந்தார்கள். வைத்தியர் பின்வாசல் வழியாக ரயிலுக்குப் போய்விட்டதாகத் தெரிந்தது. அடுத்த தேதி பன்னிரண்டு வாரம் கழித்து. லேத் பட்டறைக்காரர் திரும்பும் வழியில், பரவாயில்லம்மா, இவ்வளவு நாள் படுத்தாச்சு என்றார். அவர் திட்டியிருந்தால் விசிலக்காவுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

பந்தலில் நடந்ததையும் சொல்லவேண்டும். மேலாளர் வந்தார், முப்பது நாற்காலிகளையும் ஓர் இடைவெளியையும் பார்த்தார், ஒன்பது எங்கே என்று கேட்டார். அச்சகக்காரர் கண்ணிமைக்காமல், அது இந்த நிமிடம் ஒரு நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துப்போயிருக்கிறது சார், எங்கள் சங்கத்துக்கு விழாவைவிட வேலைதான் முக்கியம் என்றார். மேலாளர் கண் கலங்கினார். இருபது கேட்ட இடத்தில் இருபத்தைந்து தந்தார். இடைவெளியோடு எடுத்த படம் பத்திரிகையிலும் வந்தது.

இந்தச் செய்தியை யார் விசிலக்காவிடம் சொல்வது என்று எங்களுக்குள் ஒரு வாரம் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் அவரே படித்துவிட்டார். அடுத்த கூட்டத்துக்குப் பத்திரிகையை மடித்துக்கொண்டு வந்தார்.

“இதுல பொய் ஒண்ணும் இல்ல. அதுதான் எனக்கு வயிறு எரியுது. மத்த இருபத்தஞ்சு வீட்டுல அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு யாருக்காவது தெரியுமா? நான் போய்க் கேட்டேன். ஒரு அம்மா காலையிலேர்ந்து மத்தியானம் வரைக்கும் பாத்ரூம் போகல. பெரியவர் ஒருத்தரு தவழ்ந்து போயிருக்காரு. எல்லாரும் என்ன சொன்னாங்க தெரியுமா? பரவாயில்லக்கான்னாங்க.”

அச்சகக்காரர் இந்த முறை பேனாவை எடுக்கவில்லை. அந்த யோசனையை நான்தான் சொன்னேன் என்றார். “நீங்க சொன்னீங்க, நான் செஞ்சேன்” என்றார் விசிலக்கா. அவர்கள் இருவரும் ஒரே பக்கம் நின்று நான் பார்த்தது அந்த ஒருமுறைதான், அரை நிமிடம் இருக்கும்.

புதுச் சட்டம் போடப்பட்டது. நோயாளி பயன்படுத்தும் பொருளை, அவர் பயன்படுத்தும்வரை, யார் கேட்டாலும் கொடுக்கவேண்டியதில்லை, சங்கமே கேட்டாலும். அச்சகக்காரர் அதை அழகாக அச்சடித்து ஒவ்வொரு நாற்காலியின் கைப்பிடியிலும் ஒட்டினார். விஷயம் முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். விசிலக்கா நினைக்கவில்லை. ஒட்டிய காகிதத்தைப் படித்துவிட்டு யாராவது தன்னை எதிர்த்து நிற்பார்களா என்று அவருக்குச் சந்தேகம். சோதித்துப் பார்க்கக் கிளம்பினார்.

ஒரு வீட்டு வாசலில் போய் நின்று, நாற்காலி அவசரமாகத் தேவைப்படுகிறது, எடுத்துக்கொண்டு போகிறேன் என்பார். உடனே தள்ளிக்கொண்டு வந்து கொடுப்பார்கள். அங்கேயே அவருக்கு ரத்தம் தலைக்கு ஏறும். ஏன் கொடுத்தாய், உள்ளே படுத்திருக்கிறவர் எதில் போவார், கைப்பிடியில் என்ன ஒட்டியிருக்கிறது, படிக்கத் தெரியாதா என்று தெருவே கேட்கும்படி திட்டிவிட்டு நாற்காலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவார். முதல் ஒன்பது வீட்டிலும் இதே கதை. பத்தாவது வீட்டில் நாற்காலியோடு ஒரு டம்ளர் மோரும் கொடுத்தார்கள். மோரைக் குடித்துவிட்டுத் திட்டினார்.

“உன்கிட்ட இல்லன்னு சொல்லணும்னு நீயே மிரட்டினா எப்படிச் சொல்லுவாங்க?” என்று கணவர் கேட்டாராம். வேறு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று அவருக்கும் தெரியவில்லை, இவருக்கும் தெரியவில்லை. சோதனை தொடர்ந்தது. ட்ரிப் ஷீட்டில் புதிதாக ஒரு பத்தி: கேட்டேன், கொடுத்தார்கள். கேட்டேன், கொடுத்தார்கள். பக்கம் பக்கமாக அவமானம்.

பன்னிரண்டு வாரம் ஆனது. வைத்தியர் வருவதற்கு முந்தின நாள் காலை, விசிலக்கா சந்துக்குள் போனார். மறுநாள் ஆட்டோ சரியான நேரத்துக்கு வருகிறதா என்று கேட்கத்தான் போனார் என்று அவர் சொல்வார். போன வாய் வேறு கேட்டது.

“ஒன்பதாம் நம்பர எடுத்துட்டுப் போகணும். அவசரம்.”

லேத் பட்டறைக்காரரின் மனைவி வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். பிழிந்த துணியை வாளியில் போட்டார்.

“முடியாதுக்கா.”

“என்ன?”

“தரமுடியாது. நாளைக்கு இவருக்கு ஆஸ்பத்திரி. நீங்க போங்க.”

வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

மூன்று மாதமாக வாசல் வாசலாக ஏறி இறங்கி அவர் தேடியது இதைத்தான். கிடைத்ததும் என்ன வந்தது என்றால், கோபம்தான் வந்தது. சாத்திய கதவின் முன்னால் நின்றுகொண்டு, என்ன செய்கிறோம் என்று தெரிவதற்கு முன்பே, வாய் பேசிவிட்டது.

“யார்கிட்ட பேசறன்னு தெரியுதா?”

உள்ளிருந்து அமைதியாகப் பதில் வந்தது.

“தெரியுதுக்கா. அதனாலதான் தாழ்ப்பாளும் போட்டுட்டேன்.”